பாதிச் சோறு

தெங்கேரா, மலாக்கா
20-3-1952

அன்புள்ள பெரியநாயகி அக்காவுக்கு உன் தங்கை கோமளா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே பெரியம்மா, பெரியப்பா, குட்டி குஞ்சம்மா எல்லோரும் சுகந்தானே?

மாசி மகத்தன்று சன்னாசிமலைக் கோயிலில் உங்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் உன் பேச்சுத்தான். "அக்கா மக கொடி மாதிரி வளந்துட்டா. அந்த நீலத் தாவணியில எவ்ளோ லட்சணம்!" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சொல்லாததும் எனக்குக் கேட்டது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அக்கா. ஜூலையில் எங்கள் ஸ்கூலில் கான்சர்ட். கும்மிக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு எல்லாப் பாட்டும் அத்துப்படி. டீச்சர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்று, "நீ தெரைக்குப் பின்னால நின்னு பாடு லா. மேடை தாங்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் எனக்குப் பெயர் 'கெமுக்'. மலாயில் குண்டு என்று அர்த்தம். மலாய்ப் பிள்ளைகள் மட்டுமல்ல, நம் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் வந்து அழுதால் அம்மா, "பதினஞ்சு வயசு, வளர்ற புள்ள, சாப்பிட்டாத்தான் ஒடம்பு" என்று இன்னொரு கரண்டி நெய் விடுகிறாள்.

நீ என்ன சாப்பிடுகிறாய்? எப்போது சாப்பிடுகிறாய்? ஒளிக்காமல் எழுது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, உன் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். அதனால் பயப்படாதே. இந்த விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு வாசிப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
கோமளா


பதினோராங்கட்டைத் தோட்டம், புலாவ் செபாங்
9-4-1952

அன்பான தங்கை கோமளாவுக்கு அக்கா எழுதும் மடல். ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் சௌக்கியம். சித்தி சித்தப்பாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. இப்போது நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். கேட்டில் நிற்கும் போலீசிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். தபால் போட ஆள் கிடைப்பதில்லை.

ரகசியம் என்று ஒன்றுமில்லை, கோமளா. விடியுமுன் சீனி போடாத கறுப்புக் காப்பி ஒரு கோப்பை. பிறகு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விடுவேன். ரப்பர்க் காட்டுக்குச் சோறு கொண்டுபோவதில்லை. பகல் ஒரு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து கீரையோடு கொஞ்சம் சோறு. பொழுது சாய்ந்தால் கஞ்சி. நடுவில் வயிறு கேட்கும். தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். இரண்டு வாரத்தில் பழகிப்போகும். இதுதான் என் முறை.

இங்கிலீஷ் படிக்கிற பெண் என்னிடம் வந்து ஒன்று கேட்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள், "நம்ம வூட்டுக் கதையெல்லாம் எழுதாத. டவுன்ல இருக்கறவங்களுக்கு அது எதுக்கு" என்றாள். ஆகையால் வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
பெரியநாயகி


தெங்கேரா
2-5-1952

என் அக்காவுக்கு ஆயிரம் வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ எழுதியபடியே செய்கிறேன். காலையில் கறுப்புக் காப்பி. அம்மா கட்டித்தரும் இட்லி ஸ்கூலுக்குப் பின்னால் மேயும் கோழிகளுக்கு. மாலையில் கொடுக்கும் பால் ஜன்னல் வழியாகச் சாக்கடைக்கு. நேற்று மருந்துக்கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன். ஐந்து ராத்தல் குறைந்திருக்கிறேன்! ரவிக்கைக் கை தளர்ந்துவிட்டது. தலை மட்டும் அடிக்கடி வலிக்கிறது. பழகிப்போகும் என்றுதான் நீ எழுதியிருக்கிறாயே.

ஒரு வேடிக்கை கேள். போன வாரம் அம்மா பாசாரிலிருந்து வந்ததும், "தோட்டத்துல அரிசிய கொறச்சிட்டாங்களாமே, பெரியநாயகி ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டாள். "எல்லாரும் சௌக்கியம்னுதாம்மா எழுதியிருக்கு" என்றேன். அவளுக்கு மனம் கேட்கவில்லை. மால்ட் மாவு இரண்டு டின், பச்சைப்பயறு, கருவாடு எல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கினாள். தோட்டத்துக்குள் சாமான் அனுப்ப அப்பா பர்மிட் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான்தான் தடுத்தேன். "அக்கா ஒடம்ப பார்த்து அளவாத்தான் சாப்பிடுதும்மா. இதெல்லாம் அனுப்பினா அதுக்குச் சங்கடம்" என்றேன். அம்மா யோசித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்துவிட்டாள். உன்னை எப்படிக் காப்பாற்றினேன், பார்த்தாயா?

உன் சிஷ்யை
கோமளா


பதினோராங்கட்டைத் தோட்டம்
15-6-1952

கோமளாவுக்கு அக்காவின் அன்பு. இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

பெட்டி விஷயம் வாசித்தேன். அதனால் ஒன்றுமில்லை. சித்திக்கு எங்கள் நினைப்பு வந்ததே போதும். அந்த இடத்தை நானும் அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

பாலைக் கொட்டாதே. குடித்துவிடு. நான் செய்வதை எல்லாம் நீ செய்யவேண்டாம். என் வேலை வேறு, உன் உடம்பு வேறு.

போன மாதத்திலிருந்து இங்கே பொதுச் சமையல். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடும் என்று யாரும் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கொப்பரையில் ஆக்கி, ரேஷன் கார்டைப் பார்த்து அளந்து போடுகிறார்கள். நாங்கள் வழக்கமாகத் தின்னும் புழுங்கல் இல்லை, வெள்ளை வெளேரென்று பச்சரிசி. அடுப்பு ஊதுகிற வேலை மிச்சம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் அளவு, சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் அளவு. குஞ்சம்மாவுக்கு ஆறு வயதுதானே, அந்த அளவு அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க முயலாதே.

பெரியநாயகி


தெங்கேரா
28-7-1952

பாசமுள்ள அக்காவுக்கு. நாங்கள் எப்போதும்போல இருக்கிறோம். உங்கள் எல்லோருக்கும் எங்கள் விசாரிப்பு.

கான்சர்ட் முடிந்தது! திரைக்குப் பின்னால் இல்லை, மேடையில், இரண்டாம் வரிசையில் ஆடினேன். போட்டோ வைத்திருக்கிறேன், பார். இடமிருந்து நாலாவது நான். பதினாறு ராத்தல் குறைந்துவிட்டேன். கெமுக் என்று கூப்பிட்டவர்களே இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்கள். 'எங்கள் அக்கா முறை' என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் கண் இருட்டி விழுந்துவிட்டேன். வெயில் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நீயும் சொல்லிவிடாதே.

பால் குடி என்று எழுதியிருக்கிறாய். நீ மட்டும் கொடியாக இருக்கவேண்டும், நான் பூசணிக்காயாகவே இருக்கவேண்டுமா? சும்மா சொன்னேன், கோபிக்காதே. பொதுச் சமையல் என்று அம்மாவுக்கு வாசித்தேன், அடுப்பு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள். அரிசி, அளவு, தட்டு என்றெல்லாம் நீ எழுதியதை வாசிக்கவில்லை. எனக்கே சலிப்பாக இருந்தது.

உன் போட்டோ ஒன்று அனுப்பு.

கோமளா


பதினோராங்கட்டைத் தோட்டம்
7-9-1952

அன்பு கோமளாவுக்கு. அம்மா, அப்பா, குஞ்சம்மா சுகம். நானும் சுகந்தான்.

போட்டோவில் நீ அழகாக இருக்கிறாய். கழுத்தெலும்பு தெரிகிறது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறாய்.

என் போட்டோ வேண்டாம். பார்த்தால் நீ சிரிப்பாய். நான் இப்போது சதை போட்டுவிட்டேன். நம்பமாட்டாய். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை, கொலுசைக் கழற்ற முடியாமல் அப்பா வெட்டித்தான் எடுத்தார். காலையில் கண்ணாடி பார்த்தால் முகம் உருண்டையாக இருக்கிறது. "அக்கா குண்டாயிடுச்சி" என்று குஞ்சம்மா கை தட்டுகிறாள். லயத்தில் எல்லோரும் கேலிதான். உடம்பு கனத்துவிட்டதால் முன்போல் வேகமாக நடக்க முடியவில்லை. கங்காணி மரம் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டுக்குப் போட்டுவிட்டார்.

சித்தி அந்த மால்ட் மாவு இன்னும் வாங்குகிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா


தெங்கேரா
13-9-1952

என் குண்டு அக்காவுக்கு உன் ஒல்லித் தங்கையின் வணக்கம்! நலம். நீ நலத்துக்கு மேல் நலம் என்று தெரிந்துகொண்டேன்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அகப்பட்டுக்கொண்டாயா? பொதுச் சமையல் வந்ததும் அடுப்பு வேலை இல்லை, உட்கார்ந்து சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும். எனக்கு வைத்தியம் சொன்ன டாக்டருக்கே இப்போது வைத்தியம் வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொள். தட்டில் விழும் சோற்றைப் பாதியாகப் பிரி. பாதியைக் குஞ்சம்மாவிடம் தள்ளிவிடு, அவள் வளர்கிற பிள்ளை. மால்ட் மாவு பக்கமே திரும்பாதே. என்னைப் பீப்பாய் ஆக்கியதே அதுதான். இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடுவாய். அதுவரை உனக்குப் பெயர் கெமுக்!

ஆனால் மனசுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனி அம்மா உன்னைக் காட்டி என்னைப் பேசமாட்டாள்.

உன் டாக்டர்
கோமளா


தெங்கேரா
25-10-1952

அக்காவுக்கு. நாங்கள் சுகம். தீபாவளி நல்லபடி முடிந்தது.

ஏன் பதில் இல்லை? போன கடிதத்தில் கெமுக் என்று எழுதியதற்குக் கோபமா? எனக்கே அந்தப் பெயர் எப்படி வலிக்கும் என்று தெரியும். தெரிந்தும் எழுதிவிட்டேன். தீபாவளிக்கு ஒரு வரியாவது வரும் என்று வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திட்டியாவது எழுது.

கோமளா


பதினோராங்கட்டைத் தோட்டம்
12-11-1952

தங்கை மங்களத்துக்கு அக்கா பெத்தம்மாள் சொல்ல, தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கந்தசாமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கோமளாவும் நல்லபடி இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நல்லபடியாக இல்லை.

பெரியநாயகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் நிற்கும்போதே மூச்சு வாங்கி விழுந்தாள். ரப்பர் பால் ஏற்றுகிற லாரியில் போட்டுக்கொண்டு போனோம். கால் இரண்டும் தூண்போல இருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. சதை போட்டிருக்கிறாள் என்றே நினைத்தோம், மங்களம். லயத்துப் பெண்கள்கூட, "பொதுச் சோறு ஒன் மகளுக்கு ஒத்துக்கிச்சி" என்று சொன்னார்கள். டாக்டர் இதைப் பெரிபெரி என்கிறார். வெறும் வெள்ளைச் சோறு, அதுவும் பத்தாத சோறு தின்றதால் வந்த வீக்கமாம். இருதயத்தைப் பிடித்துவிட்டதாம். ஊசி போடுகிறார்கள்.

ஆரம்பத்திலிருந்தே ஒரு பிடி எடுத்துச் சின்னவளுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். செப்டம்பரில் கோமளாவின் கடிதம் வந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "தங்கச்சி சொல்றது சரிதாம்மா, எனக்கு எதுக்கு இவ்ளோ சோறு" என்றாள். அன்றிலிருந்து பாதியைக் குஞ்சம்மா தட்டில் போட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. சின்னவள் பசியில் அழுவது நின்றது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளைகள் விளையாட்டாக எழுதிக்கொள்வது, கோமளாவை ஒன்றும் சொல்லிவிடாதே.

உன்னிடம் கேட்க வெட்கப்பட்டேன். உன் வீட்டுக்காரர் ஆபீசில் கிராணி வேலையில் இருக்கிறார், நாம் கையேந்துவதா என்று இருந்துவிட்டேன். முடிந்தால் வந்து பிள்ளையைப் பார்.

பெத்தம்மாள் கைநாட்டு


தெங்கேரா
8-12-1952

அக்காவுக்கு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தனை நேரம் நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ நகர்ந்து எனக்கு இடம் விட்டாய். என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏண்டி இப்படி எளச்சிட்ட?" என்று கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லவேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வாத்தியார் எழுதிய கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்தேன். 'செப்டம்பரில் கோமளாவின் கடிதம் வந்தது' என்ற இடத்தில் நிறுத்தி, அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவ்வளவு ஆன பிறகும் தாண்டி வாசித்தேன், அக்கா. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மா அதையே வாயால் சொன்னார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது, "அந்தப் பெட்டிய பிரிக்க வச்சதும் நீதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் பழைய கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கி, அப்பாவிடம் கொடுத்து ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொன்னாள். குஞ்சம்மா தட்டைத் தட்டுகிற இடம் வந்ததும் அப்பாவை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு வந்து, "இனிமே யார் கடுதாசி வந்தாலும் அப்பாவே படிக்கட்டும்" என்றாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீ மால்ட் மாவு கேட்டாய். நான் சிரித்தேன். உன் கால் வீங்கியது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினேன். அதை எழுதிய கை இதுதான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கவாவது வேண்டும் அல்லவா?

கோமளா


பதினோராங்கட்டைத் தோட்டம்
25-10-1953

அன்புள்ள கோமளாவுக்குப் பெரியநாயகி எழுதுவது. அம்மா, அப்பா, குஞ்சம்மா நன்றாக இருக்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

பத்து மாதமாகப் பதில் எழுதவில்லை. நீ நாலு கடிதம் போட்டாய். மாதாமாதம் சித்தி அனுப்பிய பெட்டிகளும் வந்தன. முதலில் கோபந்தான். உன் செப்டம்பர்க் கடிதத்தை எடுத்து எடுத்து வாசிப்பேன். பிறகு ஒரு நாள், நான் உனக்கு முதன்முதலில் என்ன எழுதினேன் என்று யோசித்தேன். எங்களுக்குச் சோறு பத்தவில்லை என்று ஒரே வரி எழுதியிருக்கலாம். காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது, கேட்டில் முந்தானையைக்கூட உதறிப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கலாம். அதை எழுத வெட்கப்பட்டு, பட்டினியை ஒரு முறை என்று உனக்குப் பாடம் சொன்னேன். நீ கண் இருட்டி விழுந்தது என் கடிதத்தால். இப்படி இருக்க, நீ மட்டும் கேட்கிற மன்னிப்பை எப்படி வாங்கிக்கொள்வது? அதற்கு வழி தெரியாமல் இன்னும் சில மாதம் ஓடிவிட்டது.

பொதுச் சமையலை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் மறுபடி புழுங்கல் சோறு. என் வீக்கம் எல்லாம் வடிந்துவிட்டது. நான் மரம் வெட்டப் போவதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. இருதயம் பழையபடி ஆவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சிம்பாங் அம்பாட்டில் லாரி ஓட்டுகிற தம்புசாமி என்பவர், அவருடைய தாயார், ஒரு மாமா. அந்த அம்மாள் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "செதுக்கி வச்ச மாதிரி இருக்கா. இப்படி இடுப்பு டவுன்லகூட கெடைக்காது" என்றார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். அவர்கள் இருவரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

நான் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "இது சீக்குல வத்துன ஒடம்புங்க. பெரிபெரி வந்து இருதயம் கெட்டிருக்கு. கனமான வேல செய்ய முடியாது. புள்ள பெத்துக்கிறது ஆபத்துன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

அந்தத் தம்புசாமி மட்டும் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தாயார் எழுந்ததும் அவரும் எழுந்துவிட்டார். "நாள் பார்த்துச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது. சொல்லி அனுப்பமாட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா, "ஏண்டி இன்னிக்கே சொன்ன? அப்புறமா மெதுவா சொல்லிக்கலாமே" என்று அழுதாள். "சொல்லாம இருந்து இருந்துதாம்மா இங்க வந்து நிக்கிறோம்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்றிருந்தது. பதினெட்டு வயதில் எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, கோமளா.

வந்தவர்களுக்கென்று அம்மா நெய்யும் முந்திரியும் போட்டுக் கேசரி கிண்டியிருந்தாள். ஒருவரும் தொடவில்லை. குஞ்சம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தட்டை இறக்கி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். நன்றாக இருந்தது. தட்டு காலியாகும்வரை இருவரும் சாப்பிட்டோம்.

தீபாவளிக்குச் சித்தியோடு வா. உன்னைப் பார்த்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

உன் அக்கா
பெரியநாயகி